ஆட்டோவா, ஃபோட்டோவா? வீட்டுக் கஞ்சா வளர்ப்புக்கான இரு வகை விதைகள்: ஒரு கறாரான ஒப்பீடு

விதை விற்கும் தளங்களில் ஆட்டோஃப்ளவர் (வயது வந்ததும் தானாகப் பூக்கும்) வகைகளுக்கு மேல் "புதியவர்களுக்கு ஏற்றது" என்று ஒரு முத்திரை இருக்கும். ஃபோட்டோபீரியட் (இரவு நீண்டால்தான் பூக்கும்) வகைகளுக்கு "அனுபவசாலிகளுக்கு". இந்த முத்திரை பாதிதான் சரி. ஆட்டோ செடி விளக்கு விஷயத்தில் நீங்கள் செய்யும் தப்பை மன்னிக்கும். வேரிலும் உரத்திலும் செய்யும் தப்பை மன்னிக்கவே மன்னிக்காது. ஃபோட்டோ செடி நேர்மாறு. இலை கருகட்டும், தண்டு ஒடியட்டும், இரண்டு வாரம் கொடுத்தால் தேறிவிடும். ஆனால் இருட்டில் ஓட்டை விழுந்தால் கதை கெட்டது. எனவே எதில் மகசூல் அதிகம் என்று கேட்பதற்கு முன்னால், எந்த மாதிரித் தப்பு உங்கள் கையில் அதிகம் நடக்கும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு விதை வாங்குங்கள்.

முதலில் சட்டம். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம். பத்தாண்டு வரை கடுங்காவலும் அபராதமும் உண்டு. ஒரு தொட்டி என்றாலும் குற்றம் குற்றமே. இந்த ஒப்பீடு வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தரும் ஊர்களில் இருப்பவர்களுக்கானது. கனடாவில் 2018 முதல் ஒரு வீட்டுக்கு 4 செடி வரை கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது (கியூபெக் மாகாணம் அனுமதிப்பதில்லை). ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவருக்கு 3 செடி. இந்த எண்ணிக்கை வரம்பு வெறும் சட்டச் செய்தி இல்லை. எந்த வகை வாங்குவது என்ற முடிவையே அது மாற்றிவிடும், பின்னால் வருகிறோம்.

கடிகாரம் யார் கையில்

சாதாரணக் கஞ்சாச் செடி இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும். இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி, சிவப்பு ஒளி படாமல் இருட்டு எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதை அளக்கிறது. இருட்டு நீண்டு தொடர்ச்சியாக வந்தால் பூ. குறைந்தால் இலையும் கிளையும்தான். வீட்டுக்குள் 18 மணி நேரம் விளக்கு, 6 மணி நேரம் இருட்டு என்று வைத்தால் செடி வளர்ந்துகொண்டே போகும். 12க்கு 12 என்று மாற்றிய நாளிலிருந்து பூப்பருவக் கணக்கு தொடங்கும். எப்போது மாற்றுவது என்பது உங்கள் முடிவு. இதுதான் ஃபோட்டோ.

ஆட்டோ வகைகளில் ருடெராலிஸ் என்ற குளிர்நாட்டுக் கஞ்சாவின் இரத்தம் ஓடுகிறது. 1924-இல் ரஷ்யாவில் வகைப்படுத்தப்பட்ட குட்டைச் செடி அது. கோடை குறுகிய இடத்தில் பகல் குறையும்வரை காத்திருந்தால் விதை முற்றுவதற்குள் பனி வந்துவிடும் என்பதால், வயதைப் பார்த்துப் பூக்கும் பழக்கம் அதற்கு வந்துவிட்டது. முளைத்த 3 முதல் 5 வாரத்துக்குள், விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தாலும், பூக்கத் தொடங்கும். விதையிலிருந்து அறுவடைவரை மொத்தம் 9 முதல் 12 வாரம். 8 வாரத்தில் முடிந்துவிடும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால், விற்பவரின் ஆசை என்று வைத்துக்கொண்டு 10 என்றே திட்டமிடுங்கள்.

ஆரம்பகால ஆட்டோக்கள் முழங்கால் உயரம்கூட எட்டாதவை, வீரியமும் குறைவு. அந்தப் பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய நல்ல வகைகளுக்கு அது பொருந்தாது. வீரியத்தில் இரண்டுக்கும் இப்போது பெரிய இடைவெளி இல்லை. இடைவெளி இருப்பது செடியின் அளவிலும் ஒரே வகைச் செடிகளின் சீர்மையிலும்தான்.

ஆட்டோ: முதல் மூன்று வாரமே முழு ஆயுளும்

ஆட்டோவில் வளர்ச்சிப் பருவம் என்று கையில் இருப்பது ஏறக்குறைய 25 நாள். அதற்குள் செடி எவ்வளவு பெரிதாகிறதோ, பூ பிடிக்கும் இடமும் அவ்வளவுதான். பத்தாம் நாளில் வேர் மூச்சுத் திணறி ஒரு வாரம் நின்றுபோனால், அந்த ஒரு வாரம் கடைசியில் சேர்ந்துகொள்ளாது. செடி உள்ளங்கை அளவில் இருக்கும்போதே நான்காவது, ஐந்தாவது கணுவில், இலைக்காம்பும் தண்டும் சேரும் இடத்தில், இரண்டு வெள்ளை மயிரிழைகள் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துவிட்டால் வளர்ச்சிக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு வாரம்தான்.

அதனால் ஆட்டோவை வளர்க்கும் முறையே வேறு. கடைசிவரை இருக்கப்போகும் தொட்டியிலேயே நேராக விதைக்க வேண்டும். 11 முதல் 15 லிட்டர் துணித்தொட்டி போதும். சின்னக் கப்பில் முளைக்கவைத்து மாற்றும் வேலை வேண்டாம். மாற்றும்போது ஆணிவேர் கொஞ்சம் அறுந்தாலும் நான்கைந்து நாள் போய்விடும். விதையை 1 முதல் 1.5 செ.மீ. ஆழத்தில், 24 முதல் 26 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். மூன்றிலிருந்து ஐந்து நாளில் தலைகாட்டும்.

பெரிய தொட்டியில் சின்ன நாற்று என்பதில் ஒரு பொறி இருக்கிறது. தொட்டி முழுவதையும் நனைத்துவிட்டால் அந்த ஈரத்தைக் குடிக்க வேர் கிடையாது. மண் பத்து நாள் சதசதவென்றே இருக்கும், காற்று புகாது, நாற்று இலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். பார்த்தவுடன் தண்ணீர் போதவில்லை போல என்று நினைத்து இன்னொரு தம்ளர் ஊற்றுவார்கள். புதியவர்களின் ஆட்டோ பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குட்டையாகி நின்றுவிடுகிறது. நாற்றைச் சுற்றி ஒரு சாண் வட்டத்துக்குள் மட்டும் 100 முதல் 150 மில்லி ஊற்றி, மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகு அடுத்தது. மூன்றாவது வாரத்தில் வேர் ஓரத்தைத் தொட்ட பிறகுதான் தொட்டி முழுக்க நனைக்கலாம். வாடிய இலைக்கும் அதிகத் தண்ணீர் குடித்த இலைக்கும் வித்தியாசம் தொட்டாலே தெரியும். தண்ணீர் இல்லாத இலை காகிதம் மாதிரி தளர்ந்து கிடக்கும். அதிகம் குடித்தது காம்பிலிருந்தே வளைந்து, தடித்து, விறைப்பாக இருக்கும்.

உரத்தில் அடுத்த அடி. உரப் பாட்டிலில் அச்சிட்ட அளவு நன்றாக வளர்ந்த ஃபோட்டோ செடிக்குப் பொருந்தும். ஆட்டோவுக்கு அதில் கால் பங்கில் தொடங்கி, பாதியைத் தாண்டாமல் இருந்தாலே பெரும்பாலும் போதும். தென்னைநார்த் தூளில் வளர்ப்பவர்கள் இசி மீட்டரில் (நீரில் கரைந்த உரத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) பார்த்தால் நாற்றுக்கு 0.4 முதல் 0.6, பூ உச்சத்தில் 1.4 முதல் 1.6, அதற்கு மேல் போனால் இலை நுனி கருகும். உரமேற்றிய தயார் மண்கலவை வாங்கினால் முதல் மூன்று வாரத்துக்கு எந்த உரமும் வேண்டாம். "சூடான" கலவை, அதாவது நைட்ரஜன் தாராளமாக உள்ளது, ஆட்டோ நாற்றைக் கரும்பச்சையாக்கி இலை நுனியைக் கொக்கி போல் வளைத்துவிடும். தொட்டியின் நடுவில் இரண்டு கைப்பிடி உரமில்லாத மென்மண்ணைக் குழி பறித்து நிரப்பி, அதில் விதைப்பது எளிய தீர்வு. பிஎச் (அமில-கார அளவு) மண்ணில் 6.0 முதல் 6.8, நார்த்தூளில் 5.8 முதல் 6.2. இது இரண்டு வகைக்கும் பொது.

நுனி கிள்ளலாமா என்று எப்போதும் ஒரு சண்டை ஓடும். எங்கள் தீர்ப்பு: முதல் ஆட்டோவில் கிள்ளாதீர்கள். கிள்ளிய காயம் ஆற ஐந்தாறு நாள் ஆகும். 25 நாளில் அது பெரிய பங்கு. வளைத்துக் கட்டுவது போதும். 18 முதல் 21 நாளுக்குள், தண்டு இன்னும் வளையும் பருவத்தில், நுனியை மென்மையான கம்பியால் தொட்டி ஓரத்துக்கு இழுத்துக் கட்டினால் பக்கக் கிளைகள் வெளிச்சத்துக்கு ஏறிவிடும். தண்ணீர் ஊற்றிய உடனே கட்டாதீர்கள், அப்போது தண்டு விறைத்திருக்கும், மளுக்கென்று ஒடியும். சற்றுக் காய்ந்திருக்கும் வேளையில் செய்யுங்கள்.

ஃபோட்டோ: செடி எளிது, இருட்டு கடினம்

ஃபோட்டோவில் மேலே சொன்ன பதற்றம் எதுவும் இல்லை. நாற்று நின்றுபோனதா, காத்திருங்கள். நுனி கிள்ளிக் கிள்ளி எட்டுக் கிளையாக்க ஆசையா, செய்யுங்கள், ஒவ்வொரு கிள்ளலுக்கும் ஒரு வாரம் கூட்டிக்கொண்டால் போதும். சின்னக் கப், அப்புறம் 3 லிட்டர், அப்புறம் 15 லிட்டர் என்று படிப்படியாக மாற்றலாம். வேர் இன்னும் அடர்த்தியாகும். இலைப்பேன், உரச்சூடு எது வந்தாலும் பூப்பருவத்துக்கு மாற்றுவதைத் தள்ளிப்போட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

சோதனை 12 மணி நேர இருட்டில்தான். அந்த இருட்டு ஒவ்வொரு இரவும் முழுதாக வர வேண்டும். இடையில் வெளிச்சம் திரும்பத் திரும்பப் புகுந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, பூத்த செடி மறுபடி இலை விடப் பார்க்கும். மொட்டுக்குள்ளிருந்து ஒற்றை விரல் இலைகள் முளைத்தால் அதுதான் அடையாளம். மற்றொன்று இன்னும் மோசம்: பெண் செடியே பூவுக்கு நடுவில் வாழைப்பழ வடிவில் மஞ்சள் மகரந்தப் பைகளை விடும், டென்ட் (செடி வளர்க்கும் துணிக்கூடாரம்) முழுவதும் விதை பிடிக்கும்.

டென்டைச் சோதிக்கும் முறை இது. பகலில், வெளியறை விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு, டென்டுக்குள் தலையை விட்டு ஜிப்பை மூடிக்கொள்ளுங்கள். கண் பழக ஐந்து நிமிடம் ஆகும். அதன்பின் ஜிப் தையல், மின்கம்பி நுழையும் துளை, காற்றுக்குழாய்க் கழுத்து ஆகிய மூன்று இடத்திலும் ஊசிமுனை வெளிச்சங்கள் தெரியும். கறுப்பு டேப் போடுங்கள். உள்ளே இருக்கும் ஈரப்பதமூட்டி, மின்பலகை, விசிறிக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றில் எரியும் குட்டிச் சிவப்பு விளக்குகளையும் டேப்பால் மூடுங்கள். சிவப்புதான் ஃபைட்டோகுரோம் பார்க்கும் நிறம். பச்சை டார்ச் பாதுகாப்பானது என்பார்கள். மங்கலான பச்சை ஒளி சில விநாடி பட்டால் ஒன்றும் ஆகாது என்பது சரி, அதை நம்பி அரைமணி நேரம் உள்ளே வேலை செய்வது சரியல்ல.

டைமரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல் சக்கரம் சுற்றும் மலிவு டைமர் மின்தடை வந்தால் நின்றுவிடும். இரண்டு மணி நேரத் தடை என்றால் அட்டவணை இரண்டு மணி நேரம் பின்தள்ளிப் போகும். கவனிக்காமல் விட்டால், இருட்டு என்று நினைத்த நேரத்தில் விளக்கு எரியும், விளக்கு எரியும் என்று நீங்கள் கதவைத் திறக்கும் நேரத்தில் செடி இருட்டில் இருக்கும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் நேரத்தைக் காப்பாற்றும். இன்னொரு கோளாறு அதிகம் பேசப்படாதது. எல்இடி விளக்கின் டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி), போட்ட நொடியில் சாதாரண மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். சின்ன ரிலே (மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் உள்சுவிட்ச்) உள்ள டைமரில் அதன் தொடுமுனைகள் நாளடைவில் ஒட்டிப்போய்விடும், திரையில் "ஆஃப்" என்று காட்டும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விளக்கு 200 வாட்தான் என்றாலும் 16 ஆம்பியர் தாங்கும் டைமர் வாங்குங்கள். பூப்பருவத்தின் முதல் வாரத்தில் இரண்டு மூன்று முறை, விளக்கு அணைய வேண்டிய நேரத்தில் நேரில் போய்ப் பார்ப்பதை எந்தக் கருவியாலும் ஈடுகட்ட முடியாது.

ஆட்டோவுக்கு இந்தப் பத்தி எதுவும் தேவையில்லை. ஜன்னல் வெளிச்சம் வரும் அறை, அடிக்கடி மின்சாரம் போகும் இடம், இரவு பகல் பாராமல் கதவைத் திறக்கும் வீடு என்றால் ஆட்டோவுக்கே ஓட்டு.

ஃபோட்டோவில் உயரக் கணக்கும் முக்கியம். 12க்கு 12 மாற்றிய முதல் இரண்டு மூன்று வாரத்தில் செடி ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை எகிறும். 160 செ.மீ. உயர டென்டை எடுத்துக்கொள்வோம். தொட்டிக்கு 30, விளக்கும் தொங்கும் கயிறும் 25, விளக்குக்கும் பூ நுனிக்கும் இடைவெளி 35. மிச்சம் 70 செ.மீ. செடி இருமடங்காகும் என்று வைத்தால் 35 செ.மீ. ஆனவுடனேயே மாற்றிவிட வேண்டும். "இன்னும் ஒரு வாரம் வளரட்டுமே" என்று 55 செ.மீ. வரை விட்டவர்களின் பூ நுனி விளக்கில் முட்டி வெளுத்துப்போகும்.

மின்கட்டணம்: எல்லோரும் நினைப்பது போல் இல்லை

ஆட்டோ சீக்கிரம் முடிவதால் மின்சாரம் மிச்சம் என்று ஒரு பேச்சு உண்டு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி வருகிறது. 200 வாட் விளக்கு, ஆட்டோவுக்கு நாள்தோறும் 20 மணி நேரம், 75 நாள்: 300 யூனிட். ஃபோட்டோவுக்கு ஆறு வாரம் 18 மணி நேரம் 151 யூனிட், ஒன்பது வாரம் 12 மணி நேரம் இன்னொரு 151 யூனிட், ஆக 302. மிச்சமாவது 30 நாள் காலம் மட்டுமே. மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆட்டோவை 18 மணி நேரத்தில் ஓட்டினால் 270 யூனிட்டாகக் குறையும், மகசூலில் பெரிய அடி விழாது. 24 மணி நேரமும் எரியவிடுவது வீண். கூடுதல் வெளிச்சத்தைவிடக் கூடுதல் வெப்பம்தான் மிஞ்சும்.

விளக்கு வாங்குவதில்தான் ஆட்டோவுக்கு உண்மையான லாபம். செடிக்குக் கணக்கு ஒரு நாளில் விழும் மொத்த ஒளி. அதை மோல் என்ற அலகிலும், ஒரு நொடியில் விழும் ஒளியின் அடர்த்தியை மைக்ரோமோலிலும் சொல்வார்கள். 1000 மைக்ரோமோல் அடர்த்தியில் 12 மணி நேரம் என்றால் நாளுக்கு 43 மோல். அதே 43 மோல், 20 மணி நேரம் எரியும் ஆட்டோவுக்கு 600 மைக்ரோமோலிலேயே கிடைத்துவிடும். அதாவது நடுத்தர விளக்கு வைத்திருப்பவர் அதே விளக்கில் ஆட்டோ பூவை நன்றாக நிரப்பலாம், ஃபோட்டோ பூ கொஞ்சம் தளர்ந்தே வரும். 60க்கு 60 செ.மீ. டென்டில் 100 வாட், 80க்கு 80-இல் 150 முதல் 200 வாட் எல்இடி போதும். பெட்டியில் "1000 வாட்டுக்குச் சமம்" என்று எழுதியிருப்பதைக் கண்டுகொள்ளாமல், சுவரிலிருந்து உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்று பாருங்கள்.

மகசூலும் செடி வரம்பும்

வீட்டு டென்டில் சராசரியாக வளர்ந்த ஓர் ஆட்டோ 30 முதல் 80 கிராம் காய்ந்த பூ தரும். ஆறு வாரம் வளரவிட்ட ஃபோட்டோ ஒன்று 80 முதல் 150 கிராம், இடமும் விளக்கும் இருந்தால் அதற்கு மேலும். விதை பாக்கெட்டில் உள்ள "சதுர மீட்டருக்கு 500 கிராம்" என்பது சரியான விளக்கு, சரியான கை, சரியான நாள் எல்லாம் கூடிவந்தால் கிடைப்பது.

4 செடிதான் வரம்பு, வீட்டில் வைத்திருக்கும் அளவுக்குத் தனி வரம்பு இல்லை என்றால் ஃபோட்டோதான் செடிக்கு அதிகம் தரும். ஜெர்மனி மாதிரி, வீட்டில் 50 கிராம் காய்ந்த பூவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஒரே நேரத்தில் மூன்று ஃபோட்டோவை அறுத்து 300 கிராமை என்ன செய்வது? அங்கே ஆறு வாரத்துக்கு ஒன்றாக ஆட்டோ விதைத்து, ஒவ்வொன்றாக அறுப்பதுதான் புத்தி. பெரிய செடியும் சின்னச் செடியும் ஒரே விளக்கின் கீழ் 18 மணி நேர அட்டவணையில் நிற்கலாம் என்பதால் ஆட்டோவில் இந்த வரிசை விதைப்பு சுலபம். ஃபோட்டோவில் இதையே செய்ய இரண்டு டென்ட் வேண்டும்.

குளோன் எடுப்பது ஃபோட்டோவுக்கே உரிய சௌகரியம். பிடித்த செடியிலிருந்து 10 செ.மீ. குச்சியைச் சாய்வாக வெட்டி, ஈரமான வேர்க்கட்டியில் செருகி, மூடிக்குள் வைத்தால் 10 முதல் 14 நாளில் வேர் வரும். அதே குணம், அதே உயரம், விதைச் செலவு இல்லை. ஆட்டோவில் குச்சி வைத்தால் வேர்கூட வரலாம், ஆனால் அதன் வயது தாய்ச் செடியின் வயதே. இரண்டு விரல் உயரத்தில் பூத்துவிடும். ஆட்டோ என்றால் ஒவ்வொரு முறையும் விதைக் காசு. செடி எண்ணிக்கை வரம்பு உள்ள இடத்தில் ஒன்றை மறக்க வேண்டாம்: தாய்ச் செடியும் ஒரு செடியாகவே எண்ணப்படும்.

திறந்த வெளியில்

வடக்கே, 50 பாகை அட்சரேகை வாக்கில், ஃபோட்டோ செடி ஆகஸ்டில்தான் பூவைத் தொடங்கும், செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுவரை அறுவடை. மழையும் பனியும் சேரும் காலம் அது. பருத்த மொட்டின் உள்ளே சாம்பல் பூஞ்சை பிடித்தால் வெளியே ஓர் இலை மட்டும் பழுத்து நிற்கும். இழுத்தால் கையோடு வரும், உள்ளே பழுப்புக் கூழ். மே நடுவில் விதைத்த ஆட்டோ ஆகஸ்ட் முதல் பாதிக்குள் வெயிலிலேயே முடிந்துவிடும், ஜூன் கடைசியில் விதைத்த இரண்டாவது சுற்று செப்டம்பரில். வெளியில் வளர்ப்பவர்களுக்கு, குறிப்பாக ஈரமான ஊர்களில், ஆட்டோவுக்கு இணையில்லை. தெருவிளக்கு படும் மாடத்திலும் அதேதான்: ஃபோட்டோ குழம்பும், ஆட்டோ கண்டுகொள்ளாது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் பகல் எப்போதும் 12 மணி நேரத்தைச் சுற்றியே இருப்பதால், வெளியில் விதைத்த ஃபோட்டோ பெரிதாக வளரக் காத்திராமல் சின்னதிலேயே பூக்கும். அங்கே அதைப் பெரிதாக்க இரவில் சில மணி நேரம் விளக்கு போட வேண்டும்.

நடுவில் ஒரு வகை

"ஃபாஸ்ட்", "குவிக்" என்ற பெயரோடு விற்கும் விதைகள் ஆட்டோ இல்லை. ஃபோட்டோவையும் ஆட்டோவையும் கலந்த முதல் தலைமுறை. தானாகப் பூக்கும் குணம் ஒடுங்கு பண்பு என்பதால், இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். முதல் தலைமுறையில் ஒன்றுதான் இருக்கும். எனவே இவை இருட்டைப் பார்த்தே பூக்கும், ஆனால் ஒன்று இரண்டு வாரம் முன்னதாக முற்றும். குளோன் எடுக்கலாம், நுனி கிள்ளலாம். குளிர்நாட்டுத் தோட்டத்தில் ஃபோட்டோவின் அளவும் வேண்டும், அக்டோபர் மழைக்கு முன் அறுக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் பொருத்தம். விதைத் தளங்கள் இதை ஆட்டோ பட்டியலிலேயே கலந்து போட்டுவிடுவது எரிச்சலான விஷயம். 18 மணி நேர விளக்கில் வைத்துவிட்டு "ஏன் பூக்கவில்லை" என்று இரண்டு மாதம் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில் மாட்டியவர்கள்.

எதை வாங்குவது

முதல் முறை, ஒரே ஒரு டென்ட், செடி வளர்த்த பழக்கமே இல்லை என்றால், முத்திரைக்கு மாறாகச் சொல்கிறோம்: வெளிச்சம் புகாமல் அடைக்க முடியும் என்றால் ஃபெமினைஸ்டு (பூ தரும் பெண் செடியாகவே பெரும்பாலும் வரும்) ஃபோட்டோ வாங்குங்கள். தண்ணீர், உரம், பிஎச் மூன்றையும் செடியைக் கொல்லாமல் கற்றுக்கொள்ள அதுதான் நேரம் தரும். தக்காளி, மிளகாய் என்று தொட்டியில் வளர்த்துக் கை பழகியவருக்கு முதல் செடியே ஆட்டோவாக இருக்கலாம். மாடம், தோட்டம், வெளிச்சம் கசியும் அறை என்றால் யாராக இருந்தாலும் ஆட்டோ. ஒரே டென்டில் இரண்டையும் கலக்க வேண்டாம். 12 மணி நேர விளக்கில் ஆட்டோ பட்டினி கிடக்கும், 18-இல் ஃபோட்டோ பூக்கவே பூக்காது.

இரண்டு வகையிலும் ஃபெமினைஸ்டு என்று எழுதியிருப்பதையே எடுங்கள். சாதாரண விதையில் பாதி ஆணாக வரும்; ஃபோட்டோவில் நான்காவது ஆறாவது வாரத்தில் கணுவில் பார்த்துப் பிடுங்கிவிடலாம், ஆட்டோவில் ஆணைக் கண்டுபிடிக்கும்போது தொட்டியும் விளக்கும் ஒரு மாதம் வீணாகியிருக்கும். பாக்கெட்டில் பூக்கும் காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்பட்டது என்று பாருங்கள்: ஆட்டோவுக்கு விதையிலிருந்து, ஃபோட்டோவுக்கு 12 மணி நேரத்துக்கு மாற்றிய நாளிலிருந்து. "9 வாரம்" என்று இரண்டிலும் ஒரே எண் இருந்தாலும் ஃபோட்டோவுக்கு அதன்மேல் ஆறு வாரமாவது கூட்ட வேண்டும்.

ஆட்டோவில் ஒரே பாக்கெட்டின் விதைகள்கூட ஒன்று 50 செ.மீ., மற்றொன்று 90 செ.மீ. என்று வளர்வது சகஜம். எனவே மூன்று தொட்டி திட்டமிட்டால் ஐந்து விதைப் பாக்கெட்டாக வாங்கி, மிச்சத்தைக் காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். எடுக்கும்போது டப்பாவை உடனே திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறந்தால், விதைமேல் நீர் கோக்காது.